கானைச் சுத்தம் செய்வது யார்?

கொஸ்லந்தயில் ஒக்டோபர் பிறந்துவிட்டால் கடைக்காரன் வானத்தைப் பார்ப்பதை விடத் தன் கடைக்குப் பின்னாலுள்ள மண்ணைத்தான் அதிகம் பார்ப்பான். பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியில், ஒரு சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் எங்களுடையது. எல்லோருக்கும் மேலே யாரோ ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் கீழே யாரோ ஒருவர் இருக்கிறார். மேலே உள்ளவர் செய்யாமல் விடும் வேலைக்குக் கீழே உள்ளவர் விலை கொடுக்கிறார். இந்த வாரம் வியாபாரப் பக்கத்தில் காணி உறுதியைப் பற்றி எழுதுவதற்கு அதுதான் காரணம்.

எனது கடைக் காணியை 1996இல் வாங்கினேன். ஒருவர் தமது சின்னக்கர காணியைத் துண்டு போட்டு விற்றார். கீழ்த் துண்டு 12 பேர்ச்சஸ் எனக்கு. அதற்கு மேலுள்ள துண்டை ஓய்வு பெற்ற பாடசாலை ஆசிரியர் ஒருவர் வாங்கினார். இரண்டு துண்டுகளுக்கும் நடுவே ஓர் அணைச் சுவரும், அதன் தலைமாட்டில் மழைத் தண்ணீர் ஓட ஒரு கானும் உண்டு. இரண்டும் அவருடைய எல்லைக்குள். உறுதி எழுதியபோது நொத்தாரிஸ் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தார். ஒன்று, கானின் விளிம்பிலிருந்து ஆறு அடிக்குள் மேல் துண்டுக்காரர் எந்தக் கட்டிடமும் கட்டக்கூடாது. மற்றது, மேல் துண்டுக்காரரும் அவருக்குப் பின் அந்தக் காணிக்கு உரித்தாகும் எவரும் என்றென்றும் கானைத் துப்புரவாக வைத்து, சுவரைத் திருத்தி வரவேண்டும். ஆசிரியரும் கையெழுத்து வைத்தார். உறுதியும் பதிவாயிற்று. என்றென்றும் என்ற சொல்லைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆசிரியர் இருந்த காலம் வரை குறையில்லை. புரட்டாதி முடிவதற்குள் ஓர் ஆளைப் பிடித்து இலை, மண் எல்லாவற்றையும் வாரிவிடுவார். சில வருடங்களில் அவரே மண்வெட்டியோடு நிற்பதைக் கண்டு நானும் ஏறிப்போய்க் கைகொடுத்திருக்கிறேன். 2019இல் அவர் பிள்ளைகளோடு போய்விட்டார். காணியை வாங்கியவர் நம்மவர்தான், வெளியூரில் வியாபாரம். வருடத்துக்கு நான்கைந்து நாட்கள் வருவார். கானில் புல் முளைத்தது, பிறகு செடி, பிறகு மரக்கன்று. 2023 நவம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு அடித்த மழையில் தண்ணீர் கானை விட்டுச் சுவருக்குப் பின்னால் இறங்கியது. விடியும்போது பதினைந்து அடிச் சுவர் என் களஞ்சியத்துக்குள் கிடந்தது. சீனி, கோதுமை மா, பருப்பு எல்லாம் சேறு. ஆள் சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். வேலைக்கு நிற்கும் பையன் அன்று வீட்டுக்குப் போயிருந்தான். வழமையாக அந்தச் சுவரோரம்தான் பாய் விரிப்பான்.

உறுதியின் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே உள்ளவரைப் பார்க்கப் போனேன். மரியாதையாகத் தேத்தண்ணி தந்தார். இரண்டு முறை படித்தார்.

"நானா, இதுல நான் கையெழுத்து வெச்சிருக்கேனா?"

"நீங்க இல்ல. உங்களுக்கு வித்தவர் வெச்சிருக்கார்."

"அப்ப அவர்க்கிட்டத்தானே கேக்கணும்? கானை அடைச்சது மழை, நான் இல்லையே."

கோபத்தோடு பண்டாரவளைக்குப் போய் ஒரு சட்டத்தரணியிடம் உறுதியை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "ஹாஜியார், உங்கள் இரண்டு நிபந்தனைகளில் ஒன்று உயிரோடு இருக்கிறது, மற்றது செத்துவிட்டது" என்றார்.

அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். காணியின் மேல் போடும் நிபந்தனைகள் இரண்டு வகை. 'செய்யாதே' என்பது ஒரு வகை: இங்கே கட்டாதே, இந்தப் பாதையை மறிக்காதே, வெளிச்சத்தை அடைக்காதே. 'செய்' என்பது மற்ற வகை: வேலியைக் கட்டு, சுவரைத் திருத்து, கானை வாரு. 'செய்யாதே' என்பதை முறைப்படி எழுதிப் பதிந்துவிட்டால் அது காணியோடு போகும். காணி பத்துக் கை மாறினாலும் பத்தாவது ஆளையும் பிடிக்கும். 'செய்' என்பது ஆளோடு போகும். ஒப்புக்கொண்டவர் விற்றுவிட்டுப் போனால் அவருடைய கடமையும் அவரோடு பஸ் ஏறிவிடும்.

ஆங்கிலேயரின் சட்டத்தில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. இலண்டன் லெஸ்டர் சதுக்கத்தின் நடுவேயிருந்த தோட்டத்தை 1808இல் டல்க் என்பவர் விற்றார். தோட்டத்தைத் தோட்டமாகவே பராமரிக்க வேண்டும், கட்டிடம் எழுப்பக் கூடாது என்று வாங்கியவரிடம் ஒப்பந்தம் வாங்கிக்கொண்டார். கைமாறிக் கைமாறிக் கடைசியில் அது மொக்ஸே என்பவரிடம் வந்தது. ஒப்பந்தம் இருப்பது தெரிந்தே வாங்கிய அவர், அங்கே கட்டிடம் எழுப்பப் பார்த்தார். 1848இல் நீதிமன்றம் தடுத்தது. தெரிந்தே வாங்கியவன் தப்ப முடியாது என்றது. அதே நாட்டில் 1885இல் ஓல்ட்ஹாம் நகரத்து வீதி வழக்கு ஒன்று வந்தது. வீதியைத் திருத்தி வருவதாக முன்னிருந்தவர்கள் கொடுத்த வாக்கு, பின்னால் அதைப் பெற்றவர்களைக் கட்டாது என்று தீர்ப்பாயிற்று. 1994இல் அவர்களின் உயர்ந்த மன்றமே இதை மீண்டும் உறுதிப்படுத்தியது. ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்து விற்றிருந்தார்கள். ஒருவருடைய கூரை மற்றவருடைய அறைக்கு மேலே நீண்டிருந்தது. கூரையைத் திருத்தித் தருவதாக எழுதியும் கொடுத்திருந்தார்கள். காணி கைமாறிய பின் கூரை ஒழுகியபோது, புதியவர் திருத்தத் தேவையில்லை என்று ஐந்து நீதிபதிகளும் ஒரே முடிவாகச் சொன்னார்கள். என் சுவரின் கதையேதான், கூரைக்குப் பதில் கான்.

நமது நாட்டில் காணிக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். இங்கே இதை சேர்விடியூட் என்கிறார்கள். ஒரு காணி இன்னொரு காணிக்காகப் பொறுத்துக்கொள்ளும் பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டமும் இதையே சொல்கிறது. காணியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம், விலகி நிற்கச் சொல்லலாம், வேலை செய்யச் சொல்ல முடியாது. பழைய ரோமர்கள் ஒரு விலக்கு வைத்திருந்தார்கள். ஒருவன் வீட்டைத் தாங்கும் சுவர் பக்கத்து வீட்டானுடையது என்றால், அதைத் திருத்தும் பொறுப்பும் அவனுக்கே என்று ஏற்றுக்கொண்டார்கள். என் சுவர் மண்ணைத் தாங்கியது, வீட்டைத் தாங்கவில்லை. ஆகவே அதுவும் எனக்கு உதவவில்லை. அதற்கு மேல், மேட்டிலிருந்து தானாக வரும் தண்ணீரைப் பள்ளத்துக் காணி ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்பதும் அதே சட்டம்.

சட்டம் ஏன் இப்படி? காரணம் இல்லாமல் இல்லை. பாட்டன் ஒப்புக்கொண்ட வேலையைப் பேரன் பேரனாகச் செய்துகொண்டே இருக்கவேண்டும் என்றால் காணியை யார் வாங்குவார்? கட்டாமல் இருப்பதற்குக் காசு தேவையில்லை, சுவர் கட்டுவதற்குத் தேவை. தான் கையெழுத்திடாத செலவை ஒருவன் தலையில் கட்டக்கூடாது என்பது வியாபாரி எனக்கும் விளங்குகிறது. தரைப் பாங்கான ஊருக்கு அது போதும். ஆனால் மலைச்சரிவில் எவனும் கட்டாமல் இருந்தால் மட்டும் போதாது. வருடா வருடம் எவனாவது மண்வெட்டி பிடிக்க வேண்டும்.

இதை நான் கொஸ்லந்தக்காரனாகச் சொல்கிறேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை இறங்கியதை நாங்கள் மறக்கவில்லை. லயங்களும் வீடுகளும் கோயிலும் மண்ணுக்குள் போயின. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள், பலருடைய உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. முந்திய நாள் என் கடையில் சாமான் வாங்கியவர்களின் பெயர்கள் கடன் கொப்பியில் இருந்தன. அந்தப் பக்கங்களை நான் கிழிக்கவுமில்லை, கூட்டவுமில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. இந்த மக்களை எழுப்பி வேறிடத்தில் வைக்க வேண்டியவர் யார் என்பதுதான் எந்தக் காகிதத்திலும் ஒருவர் தலையில் விழவில்லை. தப்பியவர்கள் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் கிடந்தார்கள். 2016 ஒக்டோபரில் பூனாகலைப் பக்கம் மாகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன, வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ்.

இங்கேதான் என் கேள்வி. தோட்டத்தில் கான் வெட்டுவது என்று தனி வேலையே இருந்தது. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, இத்தனை பேர் கானுக்கு என்று கங்காணி அனுப்பிவிடுவார். தேயிலையைக் காப்பாற்றச் செய்ததுதான், மனிதரைக் காப்பாற்ற அல்ல. ஆனாலும் தண்ணீர் ஓடியது. லயத்துக்குப் பதிலாகத் தனி வீடும் உறுதியும் கொடுத்த பிறகு அந்த வேலை யாருடையது? தோட்டம், 'அது இனி எங்கள் இடமல்ல' என்னும். பிரதேச சபைகளோ, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டத்துக்குள் வரத் தயங்கின. அந்தப் பிரிவை 2018இல்தான் திருத்தினார்கள். வீட்டுக்காரர் தன் ஏழு பேர்ச்சஸுக்குள் உள்ள கானை வாருவார். பக்கத்து வீட்டுக்காரர் வாராவிட்டால் அவர் வாரியதில் என்ன பலன்?

தனி வீடும் உறுதியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் ஏறத்தாழ 2000 தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரம் கொடுத்தபோது என் வாடிக்கையாளர் ஒருவர் அதைக் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். இருநூறு வருட உழைப்புக்குக் கிடைத்த முதல் காகிதம் அது. அதனால்தான் கேட்கிறேன், காகிதம் எழுதும்போதே கானையும் எழுதினால் என்ன?

அரசாங்கக் காணிப் பத்திரங்களில் 'செய்யாதே' தாராளமாக இருக்கிறது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அளிப்புகளைப் பாருங்கள். பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்காதே, குறித்த அளவுக்குக் கீழே துண்டு போடாதே, கண்டவரிடம் ஈடு வைக்காதே. மூத்த ஆண்பிள்ளைக்கே முன்னிடம் என்றிருந்த பின்னுரிமை ஒழுங்கை 2022இல் திருத்தி, ஆணையும் பெண்ணையும் சமமாக்கினார்கள். அது நல்ல காரியம். 2024இல் 'உறுமய' என்ற பெயரில் இந்தக் கட்டுகளை நீக்கி, இருபது இலட்சம் குடும்பங்களுக்கு முழு உரித்து என்றும் அறிவித்தார்கள். அப்படிக் கட்டு நீங்காத பத்திரத்தை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டு சாமான் கடன் கொடுக்கும் நம் வியாபாரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சம்மதமில்லாமல் எழுதிய கைமாற்றம் செல்லாது, அந்தக் காணியைக் கடனுக்காக நீதிமன்றத்தின் மூலம் ஏலம் போடவும் முடியாது. உங்கள் லாச்சியில் இருப்பது ஏழையின் பயம் மட்டும்தான். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மார்க்கத்தில் நிபந்தனைக்கு என்ன இடம் என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். நான் ஆலிம் அல்ல, கேட்டறிந்ததைச் சொல்கிறேன். ஒப்புக்கொண்ட நிபந்தனைக்கு முஸ்லிம்கள் கட்டுப்பட வேண்டும் என்ற கருத்தில் ஹதீஸ் உண்டு. ஜாபிர் (ரலி) அவர்கள் தமது ஒட்டகத்தை நாயகம் (ஸல்) அவர்களுக்கு விற்றபோது, மதீனா வரை அதில் ஏறிச் செல்வேன் என்று வைத்த நிபந்தனை ஏற்கப்பட்டது. பரீரா (ரலி) அவர்களின் விடயத்தில் விற்றவர்கள் வைத்த முறையற்ற நிபந்தனை தள்ளப்பட்டது. ஆகவே எழுதியதெல்லாம் நிற்கும் என்றும் இல்லை, எதுவும் நிற்காது என்றும் இல்லை. 'இதை நீ யாருக்கும் விற்கக் கூடாது' என்ற நிபந்தனையோடு விற்றால் அந்த வியாபாரமே செல்லாது என்பது நமது ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் உள்ளது. அதே நூல்களில் ஸுல்ஹுடைய பாடத்தில், அயலவர் காணி வழியாகத் தண்ணீர் ஓட விடும் உரிமையைப் பற்றியும் சுவரில் உத்தரம் வைப்பதைப் பற்றியும் பக்கம் பக்கமாக இருக்கிறது. அயலவர் தன் சுவரில் மரக்கட்டை பதிப்பதைத் தடுக்கக் கூடாது என்ற ஹதீஸை ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். மேலே உள்ள என் அயலவரும் கேட்டிருப்பார். சட்டம் அவரை விட்டுவிட்டது, அயலவர் ஹக் விடவில்லை. என்றாலும் அதைச் சொல்லி அவரை மடக்க எனக்கு மனம் வரவில்லை. என் வீட்டுக்குக் கீழே இருப்பவருக்கு நான் என்ன செய்தேன் என்று திரும்பிப் பார்த்தால், என் பின்புறத் தண்ணீர் அவர் முற்றத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. இருபத்தேழு வருடமாக அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதலில் அதற்கு ஒரு பீலி போட்டேன்.

வழி என்ன? சட்டத்தரணி சொன்ன யோசனை எளிமையானது. 'நீ செய்' என்பதைக் காணியோடு கட்ட முடியாது. 'நான் வந்து செய்வேன், நீ மறிக்காதே' என்பதைக் கட்டலாம். கீழ்க் காணிக்காரர் மேல் காணிக்குள் நுழைந்து கானை வாரவும் சுவரைத் திருத்தவும் உரிமை உண்டு என்று எழுதினால் அது பொறுத்துக்கொள்ளும் பாரம்தான். அது சேர்விடியூட்டாக நிற்கும், நாளை வாங்குபவரையும் பிடிக்கும். செலவில் பங்கு என்பதைத் தனி ஒப்பந்தமாக வைத்து, காணியை விற்கும்போது வாங்குபவரிடமும் அதே கையெழுத்தை வாங்கித் தருவதாக விற்பவரிடம் எழுதிக்கொள்ளலாம். சங்கிலி ஒரு கண்ணியில் அறுந்தால் போச்சு, அது உண்மை. ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல். இங்கிலாந்தில் 1957இல் லிவர்பூல் வழக்கொன்றில், பொது வீதியையும் கானையும் பாவிக்க விரும்புபவர் அதற்கான செலவில் பங்கு கொடுக்கத்தான் வேண்டும், சுகத்தை எடுத்துக்கொண்டு சுமையைத் தள்ள முடியாது என்றார்கள். அதை நம் நீதிமன்றம் அப்படியே ஏற்கும் என்று நம்பி இருக்காதீர்கள். ஆனால் புதிதாகத் துண்டு போட்டு விற்பவர்கள் பாதையையும் கானையும் பொதுவில் வைத்து, காசு கட்டுபவருக்கே பாவனை என்று எழுத அது நல்ல முன்மாதிரி.

வாய்ப் பேச்சும் முத்திரையில்லாக் கடதாசியும் உதவாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி சம்பந்தமானது நொத்தாரிஸ் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு இருக்க வேண்டும். பிறகு பதுளைக்குப் போய்ப் பதிய வேண்டும். பதியாத உறுதியைப் பின்னால் வந்து பதிந்த உறுதி தள்ளிவிடும். பஸ் காசுக்குப் பார்த்துக் காணியை இழந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

தோட்ட வீடுகளுக்கு இது போதாது என்பது என் அபிப்பிராயம். கொழும்பில் தொடர்மாடி வீடுகளுக்கு 1973இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். கூரைக்கும் படிக்கட்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் அங்கே ஒரு முகாமைத்துவக் கூட்டு உண்டு. வீட்டை யார் வாங்கினாலும் அதில் அங்கத்தவர், பணம் கட்டியே ஆகவேண்டும். 'செய்' என்ற நிபந்தனையைக் காணியோடு கட்டச் சட்டத்தால் முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. மாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பவர்களுக்குச் செய்ததை, மலையில் ஒருவர்மேல் ஒருவராக இருப்பவர்களுக்கு ஏன் செய்யவில்லை? எழுபத்தைந்து வீட்டுக்கு ஒரு கூட்டு, ஒரு சின்னக் கட்டணம், வருடத்துக்கு இரண்டு முறை கான் வாரல், சுவரைப் பார்க்க ஒரு பொறியியலாளர். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தில் எத்தனை மலையைக் கீழே இறக்கியது என்று எல்லோரும் பார்த்தோம். இனி புதிய குடியேற்றங்கள் வரும், புதிய பத்திரங்களும் வரும். அவற்றை எழுதும் அதிகாரிகளும் இவ்வூர்களில் வாக்குக் கேட்டு வரும் நமது பிரதிநிதிகளும் இந்த ஒரு பந்தியையாவது படிக்க வேண்டும்.

எங்கள் விடயம் 2024 ஆகஸ்டில் ஒருவாறு முடிந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இரண்டு பேர் நடுவே வந்தார்கள். வழக்குப் போட்டிருந்தால் நான் தோற்றிருப்பேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். நான் வருடம் இரண்டு முறை ஆள் விட்டுக் கான் வாரலாம், சுவரைப் பார்க்கலாம், அவரோ அவருக்குப் பின் வருபவரோ மறிக்கக் கூடாது என்று எழுதி, கையெழுத்திட்டு, பதிந்தோம். புதுச் சுவருக்கு அவர் கேட்காமலே பாதிப் பணம் தந்தார். கராஜ் ஒன்றைக் கான் மேலேயே கட்ட வேண்டும் என்ற அவருடைய ஆசையை மட்டும் பழைய உறுதியின் முதல் நிபந்தனை விடவில்லை. அதில் அவருக்கு என்மேல் இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல்.

டித்வா இரவில் நான் டோர்ச் வெளிச்சத்தில் கான் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுவர் நின்றது. அதை எழுத்தின் திறமை என்று சொல்ல மாட்டேன், அல்லாஹ்வின் காவல். இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எங்கள் இருவருக்கும் மேலே மூன்றாவது துண்டு ஒன்று உண்டு. அங்கும் ஒரு கான், அங்கும் புல். உரிமையாளர் கட்டாரில் இருக்கிறார். நோன்புப் பெருநாளைக்கு வருவதாகத் தொலைபேசியில் சொன்னார். நொத்தாரிஸிடம் இப்போதே திகதி கேட்டு வைத்திருக்கிறேன்.